ஊசியை எடுக்கும் முன் விளக்கைப் பாருங்கள்

நேற்றும் அதே கதைதான். நெட் வரவில்லை என்று அழைப்பு. போய்ப் பார்த்தால் ரவுட்டரில் எல்.ஓ.எஸ். விளக்கு (சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக மின்னுகிறது, பக்கத்தில் ரீசெட் ஓட்டையைக் குத்திய ஒரு குண்டூசி. "ரீசெட் கூட பண்ணிப் பார்த்துட்டோம் சார், சரியாகல." அலமாரிக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த ஃபைபரை (ஒளி வழியாக இணையம் கொண்டுவரும் மெல்லிய கேபிள்) மாற்றப் பத்து நிமிடம் ஆனது. ரீசெட்டில் அழிந்துபோன யூசர்நேம், பாஸ்வேர்டு, மற்ற செட்டிங்குகளைத் திரும்பப் போட ஒரு மணி நேரம். இந்த மாதம் இது எத்தனையாவது வீடு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அடுத்து எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி: "வைஃபை ஃபுல்லா காட்டுதே, அப்புறம் ஏன் நெட் வரல?" வைஃபை என்பது உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள ரேடியோத் தொடர்பு, அவ்வளவுதான். இணையம் வெளியிலிருந்து ரவுட்டருக்கு வந்து சேர்வது வேறு சமாச்சாரம். தெருவில் கேபிளே அறுந்து கிடந்தாலும் வைஃபை விளக்கு பச்சையாக எரியும், போனில் எல்லாக் கோடுகளும் தெரியும். போன் ரவுட்டரோடு நன்றாகத்தான் பேசுகிறது. ரவுட்டரிடம்தான் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் வைஃபை விளக்கை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

ஃபைபர் இணைப்பில் பான் (PON) விளக்கு, அதாவது ஃபைபர் தொடர்பு சரியா என்று காட்டும் விளக்கு, நிலையாக எரிய வேண்டும், எல்.ஓ.எஸ். அணைந்திருக்க வேண்டும். எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் ஒளியே வந்து சேரவில்லை. ரீசெட் அதற்கு ஒன்றும் செய்யாது. பான் சரியாக இருந்தும் இன்டர்நெட் விளக்கு எரியவில்லையா? பெரும்பாலும் லாகின் சிக்கல். பில் கட்டினீர்களா என்று ஒருமுறை பாருங்கள் (கோபிக்காதீர்கள், நிறையப் பேர் மறந்திருப்பார்கள்). லான் (LAN) விளக்கு படபடவென்று மின்னுவது கோளாறு இல்லை, டேட்டா ஓடுகிறது என்று அர்த்தம்.

பின்பக்க ஓட்டைகளில் (போர்ட்) வான் (WAN) என்பது இணையம் உள்ளே வரும் வழி. லான் என்பவை கம்ப்யூட்டர், டிவிக்கு. தனியாக ரவுட்டர் வாங்கியவர்கள் வெளிக் கேபிளை லானில் செருகிவிட்டுப் "புது ரவுட்டரே பழுது" என்கிறார்கள். போன் வயரின் சின்ன முனையும் அந்த லான் ஓட்டைக்குள் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று அழுத்தி, உள்ளே இருக்கும் ஊசிகளை வளைத்துவிடாதீர்கள். 300 எம்பிபிஎஸ் (Mbps) வேக பிளானில் கம்பி வழியாக 95-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் எட்டு இழைகளில் ஒன்று போனாலும் வேகம் நூறுக்கு இறங்கிவிடலாம். கேபிள் சரி என்றால், அந்த போர்ட்டே நூறுக்கு மேல் போகாத மாடலாக இருக்கலாம்.

ஃபைபரை மடிக்காதீர்கள், ஆணியில் சுற்றாதீர்கள். கழற்றி, ஊதி, துடைத்து, கண்ணருகே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. அடாப்டரையும் கண்டதை மாட்டாதீர்கள். 9 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒன்றல்ல.

நெட் நின்றால் சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்குகள் அடங்க இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அப்புறமும் வராவிட்டால் ரவுட்டரின் முகத்தை ஒரு போட்டோ எடுத்து உங்கள் டெக்னீஷியனுக்கு அனுப்புங்கள். என்ன கொண்டுவர வேண்டும் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.