மாஸ்டரிங்கில் வராது, தம்பி

போன மாதம் நான்கு பையன்கள் ஒரு பென்டிரைவோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். நல்ல த்ராஷ் மெட்டல் (அதிவேகமான, கனமான ராக் இசை) வாசிக்கிறார்கள். பாட்டு ஆறே முக்கால் நிமிடம், வேகம் 200 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 200 தட்டு. டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு இருப்பது காலா, தையல் மிஷினா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கேட்டு முடித்ததும் கிட்டார் தம்பி சொன்னார்: "அண்ணா, மிக்ஸ் எல்லாம் ஓகே. மாஸ்டரிங்ல மட்டும் கொஞ்சம் ரேடியோவுக்கு ஏத்த மாதிரி பண்ணிக் கொடுத்துடுங்க."

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்காத வருடமே இல்லை. மிக்ஸ் என்றால் தனித்தனியாகப் பதிந்த வாத்தியங்களைச் சேர்ப்பது; மாஸ்டரிங் என்றால் சேர்த்து முடித்த பாட்டுக்குக் கடைசியாக மெருகேற்றுவது. ஆரம்பத்தில் நானும் சத்தத்தை ஏற்றிக் கொடுத்து, பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டவன்தான். பாட்டும் வெளியாகும், எந்த ரேடியோவிலும் வராது. பையன்களுக்கு என் மேல் வருத்தம், எனக்கு அவர்கள் மேல் வருத்தம். இப்போதெல்லாம் மாஸ்டரிங்கைத் தொடுவதற்கு முன்னால் மெகாடெத் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1983-இல் மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட டேவ் மஸ்டேன் அதே வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய இசைக்குழு அது. 1990-இல் வந்த 'ரஸ்ட் இன் பீஸ்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். முதல் பாட்டே ஆறரை நிமிடம். நடுவில் பாட்டு வேறொன்றாகவே மாறிவிடும். அந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் மேக்ஸ் நார்மன். இரண்டு வருடம் கழித்து 'கவுன்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்' வந்தபோது மஸ்டேனோடு சேர்ந்து தயாரித்தவரும் அவரேதான். அது பில்போர்ட் என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முதலிடத்தில் உட்கார்ந்து வழிவிடாமல் இருந்தவர் ஒரு 'கன்ட்ரி' இசைப் பாடகர், பில்லி ரே சைரஸ்.

இரண்டு ஆல்பத்துக்கும் காது ஒன்றுதான். மாறியது பாட்டு. பெரும்பாலும் நான்கு நிமிடத்தை ஒட்டியே முடிகிறது, ஒரே ரிஃப் (கிட்டாரின் சிறு இசைத்துண்டு) திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டிக்கொள்கிறது, கோரஸ் (பல்லவி) வரும்போது கோரஸ் என்று தெரிகிறது. 1994-இன் 'யூத்தனேஷியா'வில் நார்மன் வேகத்தை இன்னும் இறக்கி, பாட்டுகளை 120 பிபிஎம்மை ஒட்டியே வைக்கச் சொன்னார்.

ஏன் 120? அந்த வேகத்தில் ரேடியோ கேட்கிறவர் தலையாட்டுவார் என்பது பாதிக் காரணம்தான். மீதி ஒலியின் கணக்கு. 200 பிபிஎம்மில் டபுள் பாஸ் (இரண்டு காலாலும் கிக் டிரம்மை அடிப்பது) தட்டுக்கு நான்கு அடி வீதம் ஓடும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 75 மில்லிசெகண்ட்தான் இடம். கிக் டிரம்மின் கனம் உட்காரும் 50 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு அலை முழுதாகச் சுற்றிவரவே 20 மில்லிசெகண்ட் ஆகும். நான்கு சுற்று முடிவதற்குள் அடுத்த அடி வந்து மேலே விழுந்துவிடும். அடியில் எல்லாம் கலங்கிக் கூழாகிவிடக் கூடாது என்றுதான் வேகமான மெட்டலில் கிக்கை 'டிக் டிக்' என்று கூர்மையாக வைக்கிறோம். 120-இல் அதே இடைவெளி 125 மில்லிசெகண்ட். அந்த வேகத்தில் பெரும்பாலும் டபுள் பாஸே இருக்காது; அடிகளுக்கு நடுவே அரை செகண்ட் கூடக் கிடைக்கும். கிக்குக்கு வயிறு வரும், பாஸ் கிட்டாருக்கு உட்கார இடம் வரும், ஸ்னேர் டிரம்முக்குப் பின்னால் அறையின் எதிரொலி கேட்கும். நிதானமான பாட்டு பெரிதாக ஒலிப்பதற்கு இதுதான் காரணம். இந்த இடத்தை எந்த கம்ப்ரஸ்ஸரும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவி) உருவாக்கித் தர முடியாது.

மெட்டாலிகா இதையே இன்னும் பெரிய அளவில் செய்து காட்டியது. 1988-இல் அவர்கள் போட்ட ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிடம். புதிதாகச் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பாஸ் கிட்டார் காதிலேயே விழாது. (இன்றைக்கும் எங்கள் தொழிலில் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பஞ்சாயத்து வராமல் போகாது.) அடுத்த ஆல்பத்துக்கு, மோட்லி க்ரூவுக்கு வேலை செய்திருந்த பாப் ராக்கைத் தயாரிப்பாளராகக் கூப்பிட்டார்கள். எல்லாப் பாட்டும் ஏன் ஒரே சுருதியில் இருக்கிறது என்று கேட்டு, ஒரு பாட்டுக்குத் தந்திகளை ஒரு முழுச் சுரம் இறக்க வைத்தார். நால்வரையும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். பாஸை மேலே கொண்டுவந்தார். மூன்று முறை மிக்ஸ் செய்தார்கள், செலவு சுமார் பத்து லட்சம் டாலர். 1991 ஆகஸ்டில் வந்த அந்தக் கறுப்பு அட்டை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்கள் துரோகம் என்றார்கள். ஒரு இன்ஜினியராகச் சொன்னால், கனத்தில் அது அவர்களுடைய பழைய ஆல்பங்களை விட ஒரு படி மேல். வேகம்தான் குறைவு.

சரி, அப்படியானால் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடலாமா? அதற்கும் மெகாடெத்திடமே பதில் இருக்கிறது. 1997-இல் நாஷ்வில்லுக்குப் போய் டேன் ஹஃப் தயாரிப்பில் 'கிரிப்டிக் ரைட்டிங்ஸ்' செய்தார்கள். அதிலிருந்து ஒரு பாட்டு அமெரிக்க ராக் ரேடியோ பட்டியலில் ஐந்தாம் இடம் பிடித்தது. மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் ஒரு பேட்டியில், மஸ்டேன் இன்னும் துணிந்து ரிஸ்க் எடுக்கலாம் என்பதுபோலச் சொல்ல, 1999-இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு 'ரிஸ்க்' என்றே பெயர் வைத்தார்கள். அதே ஊர், அதே தயாரிப்பாளர். லூப்புகள் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுகள்) வந்தன, விளையாட்டு மைதானத்தில் கூட்டம் சேர்ந்து கத்துவதற்கென்றே ஒரு பாட்டு வந்தது. ரேடியோவிலும் போடத்தான் செய்தார்கள். ரசிகர்கள்தான் ஏற்கவில்லை.

ஒலிப்பதிவில் குறை சொல்ல முடியாத ஆல்பம் அது. ஆனால் ரிஃப் பின்னால் போய், அலங்காரம் முன்னால் வந்துவிட்டது. 1992-இல் பாட்டைச் சுருக்கியபோது மஸ்டேன் வெட்டியது சதையை. 1999-இல் எலும்பையே எடுத்துவிட்டார் என்பது என் கணிப்பு. 2004-இல் தன் பழைய ஆல்பங்களை அவரே மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார், 'ரிஸ்க்'கும் அதில் உண்டு. தீர்ப்பு மாறவில்லை. 2013-இல் 'சூப்பர் கொலைடர்' மூலம் மீண்டும் ஹார்டு ராக் பக்கம் எட்டிப் பார்த்தார்கள், அதற்கும் இதே முணுமுணுப்பு. 2016-இன் 'டிஸ்டோப்பியா'வில் பழைய வேகத்துக்குத் திரும்பினார்கள், அதன் தலைப்புப் பாட்டுக்கு அடுத்த வருடம் கிராமி கிடைத்தது. விருது வாங்க மேடையேறும்போது அங்கிருந்த வாத்தியக்குழு வாசித்தது மெட்டாலிகா பாட்டு! விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அப்புறம் இந்தச் சத்த விஷயம். ரேடியோவில் ஓங்கிக் கேட்க வேண்டும் என்றால் சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். ஒவ்வொரு எஃப்எம் நிலையத்திலும் தனியாக ஒரு ப்ராஸஸர் இருக்கிறது. மெதுவான பாட்டைத் தூக்கும், ஓங்கிய பாட்டை அமுக்கும். போதாததற்கு எஃப்எம்மில் இரைச்சலைக் குறைக்க டிரெபிளை (கூர்மையான மேல் ஒலிகளை) தூக்கி அனுப்பி, ரிசீவரில் இறக்குவார்கள். ஏற்கெனவே நசுங்கி டிஸ்டார்ஷன் ஏறிய பாட்டில் கூர்மையான ஒலிகள்தான் நிரம்பிக் கிடக்கும். ப்ராஸஸர் அதை இன்னும் அமுக்க, பாட்டு சின்னதாகி, கரகரவென்று வரும். ஸ்ட்ரீமிங்கிலும் தப்பிக்க முடியாது. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாவற்றையும் சராசரி −14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். நீங்கள் ஏற்றிய சத்தத்தை அவர்கள் இறக்குவார்கள், நசுங்கல் மட்டும் அப்படியே நிற்கும்.

மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னெட்டிக்' இதில் மாட்டிக்கொண்டது. ஒரு வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் சிடியை விடத் தெளிவாக இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். மிக்ஸ் தன்னிடம் வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் சொன்னார். அவர் நிலைமை எனக்குப் புரியும்.

இன்னொன்று, காது. இரண்டு மணி நேரம் டிரம்ஸ் பக்கத்தில் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு நேராக மிக்ஸ் கேட்க வராதீர்கள். களைத்த காதுக்கு டிரெபிள் குறைவாகத் தெரியும், ஏற்றச் சொல்வீர்கள். மறுநாள் காலையில் கேட்டால் பல் கூசும். ஒத்திகையில் காதடைப்பான் போடுங்கள். அந்த விலைக்கு இதைவிட நல்ல ஸ்டூடியோ கருவி எதுவும் கிடையாது.

அந்தப் பையன்களின் பாட்டை 200-லேயே விட்டு, நசுக்காமல் மாஸ்டர் செய்து கொடுத்தேன். ரேடியோவுக்கென்று தனியாக ஒரு பாட்டை 118-இல் எழுதிக்கொண்டிருப்பதாகப் போன வாரம் கிட்டார் தம்பி போனில் சொன்னார். நன்றாக வருகிறதாம். டிரம்மருக்குத்தான் போர் அடிக்கிறதாம்.