புரொஜெக்டர் மங்கினால் பிரைட்னஸை முதலில் தொடாதீர்கள்

"மின்குமிழ் போய்விட்டது போலிருக்கிறது. புதியது என்ன விலை?"

யாழ்ப்பாணத்தில் புரொஜெக்டர் பொருத்துவதும் திருத்துவதும் என் தொழில். பாடசாலை, தனியார் கல்வி நிலையம், கல்யாண மண்டபம், சனசமூக நிலையம் என்று எங்கிருந்து அழைத்தாலும் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் அழைக்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் குமிழில் ஒரு குறையும் இருக்காது. வெளிச்சம் போதவில்லை என்று யாரோ ரிமோட்டை எடுத்துப் பிரைட்னஸை உச்சிக்கு ஏற்றியிருப்பார்கள். படம் மேலும் வெளிறியிருக்கும். பிறகு கொன்ட்ராஸ்டையும் ஏற்றியிருப்பார்கள். அதன்பின் புதிய குமிழுக்குப் பணம் திரட்டத் தொடங்கியிருப்பார்கள். பெற்றோரும் பழைய மாணவரும் சேர்த்துக் கொடுத்த பணம் தேவையில்லாத குமிழுக்குப் போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. கடைசி வாங்கில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்க்க அதைவிடவும் கேட்கவில்லை.

பிரைட்னஸ் என்ற அளவைக் கூட்டினால் குமிழின் ஒளி கூடாது. படத்தின் இருண்ட பகுதி எவ்வளவு இருட்டாக நிற்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. கூட்டக் கூட்டக் கறுப்பு சாம்பலாகும், சாம்பல் வெளிறும், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். கொன்ட்ராஸ்ட் மறுமுனையில் வேலை செய்கிறது. வெள்ளையின் உச்சம் எங்கே நிற்க வேண்டும் என்பது அதன் கையில் இருக்கிறது. குமிழின் ஒளியை உண்மையில் மாற்றும் தெரிவு மெனுவில் வேறோர் இடத்தில், விளக்கின் வலு என்ற பிரிவில் இருக்கும். அங்கே 'ஈகோ' என்று கிடந்தால் 'நோர்மல்' ஆக்குங்கள். மங்கல் என்று என்னை அழைக்கும் இடங்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

அடுத்துப் பார்ப்பது அறையை. எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை எறிய முடியாது. ஒளி விழாத சுவரைத்தான் நம் கண் கறுப்பாக எடுத்துக்கொள்கிறது. யன்னல் வெளிச்சம் சுவரில் விழுந்தால், அந்த வெளிச்சத்தில் சுவர் எந்த நிறமோ அதுவே உங்கள் படத்தின் கறுப்பு. அதற்குக் கீழே கொண்டுபோக ரிமோட்டில் பொத்தான் இல்லை. எங்கள் பாடசாலைகளில் அரைச்சுவர் வகுப்பறைகள் நிறைய. இந்த வெக்கையில் அவற்றை முழுவதும் அடைக்கவும் முடியாது, அடைக்கச் சொல்லவும் மாட்டேன். திரையை வெளிச்சம் நேரே விழாத மூலைக்கு மாற்றுங்கள். அந்தப் பக்கத்துத் திறப்புக்கு மட்டும் ஓர் ஓலைத் தட்டியோ கறுப்புத் துணியோ கட்டுங்கள். திரைக்கு மேலே எரியும் குழல்விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் தலைக்கு மேலுள்ளதை எரியவிடுங்கள், அவர்கள் குறிப்பு எழுத வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். 10 அடி அகலத்தில் எறியும் படத்தை 8 அடிக்குக் குறைத்தால் பரப்பளவு 64 சதவீதமாகிறது. அதே ஒளி சிறிய இடத்தில் விழுவதால் திரை ஒன்றரை மடங்குக்கு மேல் பிரகாசமாகும். செலவு ஒரு சதமும் இல்லை. சுவர் இளமஞ்சளாக இருந்தால் வெள்ளை பழுப்பாகத் தெரியும், நீலம் சோரும். மெனுவில் சுவரின் நிறத்தைச் சொல்லும் தெரிவு இருந்தாலும், அது பிற நிறங்களைக் குறைத்தே சமன்செய்கிறது. படம் விழும் இடத்துக்கு மட்டும் மினுக்கமில்லாத வெள்ளைப் பூச்சு அடிப்பது நல்லது. வெண்பலகை பளபளப்பானது, நடுவில் ஒளி குவிந்து கண்ணைக் கூசும்.

இனி, தமிழில் பாடம் நடத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று. புரொஜெக்டரை உயரம் குறைந்த மேசையில் வைத்து முன்காலை உயர்த்தினால் படம் மேலே அகன்று கீழே ஒடுங்கும். உடனே கீஸ்டோன் பொத்தானை அழுத்திச் செவ்வகமாக்கிவிடுகிறோம். பார்வைக்கு நேராகிவிடும். உள்ளே நடப்பது வேறு. வகுப்பறைகளில் இன்னும் ஓடும் பழைய எக்ஸ்ஜிஏ வகைப் புரொஜெக்டரில் அகலத்துக்கு 1024, உயரத்துக்கு 768 பிக்சல்கள் மட்டுமே உண்டு. கீஸ்டோன் படத்தை அவற்றில் ஒரு பகுதிக்குள் நெருக்கித் திணிக்கிறது. ஆங்கில எழுத்து அந்தச் சிதைவை ஓரளவு தாங்கும். தமிழ் எழுத்து தாங்காது. மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து போகும். ணகர, னகரச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 'கி', 'கீ' இரண்டையும் பிரிப்பது ஒரு சின்னஞ்சிறு சுழிதான், அதுவும் மறையும். முன் வாங்கில் இருப்பவர் ஊகித்து வாசிப்பார். பின் வாங்கில் இருப்பவர் பிழையாக எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஆகவே கீஸ்டோனை முடிந்தவரை பூச்சியத்தில் வைத்துக்கொண்டு மேசையை உயர்த்துங்கள், அல்லது திரையை இறக்கிக் கட்டுங்கள். வில்லை திரையின் கீழ்விளிம்பு மட்டத்தை அண்மித்து, திரைக்கு நேரே நின்றால், பெரும்பாலான புரொஜெக்டர்களில் படம் தானாகவே நேராக விழும்.

இதே சிதைவு மடிக்கணினியிலிருந்தும் வரலாம். மடிக்கணினி 1366×768 அல்லது 1920×1080 அளவில் அனுப்பும். புரொஜெக்டரின் சொந்த அளவு 1024×768 அல்லது 1280×800 ஆக இருக்கும். இடையில் படம் மறுபடி அளக்கப்பட்டு எழுத்தின் ஓரங்கள் மழுங்கும். விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, இரண்டாம் திரையை நீட்டிக்கும் தெரிவுக்குப் போங்கள். பிறகு அந்தத் திரையின் அளவைப் புரொஜெக்டரின் சொந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். அகல உயர விகிதம் பிழைத்திருக்கிறதா என்று அறிய ஒரு வட்டத்தை வரைந்து பாருங்கள். கேத்திரகணித ஆசிரியர் வரைந்த வட்டம் திரையில் நீள்வட்டமாக நிற்கும் வகுப்புகள் இருக்கின்றன. மெனுவில் விகிதத்தை 'ஓட்டோ'வுக்கு மாற்றுவது ஒரு நிமிட வேலை.

கடையில் பார்த்தபோது பளிச்சென்று இருந்த புரொஜெக்டர் வகுப்பில் ஏன் இப்படி என்று கேட்பவர்கள் உண்டு. 'டைனமிக்' என்ற முறையில் கடையில் காட்டியிருப்பார்கள். புரொஜெக்டர் குமிழ்களில் பெரும்பாலானவை பாதரச ஆவியில் எரிபவை. அவற்றின் ஒளியில் பச்சை தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். டைனமிக் முறை நிறச் சமநிலையை விட்டுக்கொடுத்து ஒளி முழுவதையும் வெளியே விடுவதால் படத்தில் பச்சை ஏறுகிறது. உயர்தர உயிரியல் மாணவருக்கு இளஞ்சிவப்புச் சாயமேற்றிய இழையத்தின் படத்தைக் காட்டும்போது அந்தச் சாயம் சாம்பல் பூத்துத் தெரிந்தால், நாளை நுணுக்குக்காட்டியில் அவர் எதைத் தேடுவார்? புவியியல் படத்தில் தாழ்நிலத்தின் இரண்டு பச்சைகள் ஒன்றாகிவிட்டால் உயரத்தை எப்படிப் பிரித்தறிவார்? எழுத்து மட்டும் என்றால் 'பிரசன்டேஷன்' போதும். படமும் வரைபடமும் என்றால் 'எஸ்ஆர்ஜிபி', நிகழ்படம் என்றால் 'சினிமா'. நிற வெப்பநிலை என்று ஒரு தெரிவு வந்தால் 6500 கெல்வினில் நிறுத்துங்கள். தொலைக்காட்சிக்கும் நிகழ்படத்துக்கும் வெள்ளை எப்படி இருக்க வேண்டும் என்ற உலக நியமம் அதை ஒட்டித்தான் இருக்கிறது. எண் ஏறினால் படம் நீலிக்கும், இறங்கினால் மஞ்சளிக்கும்.

யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்துவருகிறது. குறும்படம் எடுக்கும் இளையவர்கள் இங்கே பலர். ஒரு காட்சியின் நிறத்தைச் சரிசெய்ய அவர்கள் இரவுகள் விழித்திருப்பதை அறிவேன். அந்தப் படத்தை டைனமிக் முறையில் ஓட்டுவது அந்த உழைப்பை அழிப்பதுதான். திரையிடும் மண்டபத்தார் இதையாவது மாற்றிவையுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகுதான் பிரைட்னஸ், கொன்ட்ராஸ்ட் இரண்டுக்கும் வர வேண்டும். புரொஜெக்டர் எரியத் தொடங்கி ஒரு 20 நிமிடமாவது சூடாகட்டும், குளிர்ந்த குமிழின் நிறம் நிலையாக நிற்காது. பவர்பொயின்டில் ஒரு பக்கம் செய்துகொள்ளுங்கள். கறுத்த பின்புலத்தில் சில கட்டங்கள்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண் கொடுத்து, 0, 10, 20 என்று இருட்டில் மூன்று, 235, 245, 255 என்று வெளிச்சத்தில் மூன்று. கொன்ட்ராஸ்டை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் 245, 255 இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கிருந்து பின்னுக்கு வந்து, இரண்டும் பிரிந்து தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பிரைட்னஸை இறக்கிக்கொண்டே போனால் 0, 10 இரண்டும் ஒன்றாகும். பத்து மெல்லத் தலைகாட்டும் இடம்வரை மட்டும் ஏற்றுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது சற்று அசையும், ஆகவே இருமுறை சுற்றிவர வேண்டும். இதைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்று செய்யாதீர்கள். கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டு, பாடம் நடக்கும் அதே நேரத்து வெளிச்சத்தில் செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்குச் சரிபார்த்த அளவு ஏழு மணி நிகழ்ச்சிக்கு உதவாது.

நிகழ்படத்துக்கு எனக்குப் பிடித்த சோதனை நல்லூர்த் தேர்த் திருவிழாக் காட்சி. ஒரே சட்டகத்தில் எல்லாம் கிடைக்கும். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் தெரியாமல் வெறும் வெள்ளையாக நின்றால் கொன்ட்ராஸ்ட் கூடிவிட்டது. தலைமயிர் இழை பிரியாமல் கறுப்புத் திட்டாக நின்றால் பிரைட்னஸ் குறைவு, சாம்பலாகத் தெரிந்தால் கூடுதல். கோயில் மதிலின் சிவப்புப் பட்டை பக்கத்து வெள்ளைக்குள் கசிவதுபோல் தெரிந்தால் நிறச் செறிவைக் குறைக்க வேண்டும். மேற்சட்டையில்லாத அடியவர்களின் தோல் பச்சையோடாமல், செம்மையும் ஏறாமல் இருந்தால் மற்ற நிறங்களும் ஏறத்தாழச் சரியாகத்தான் இருக்கும். கல்யாண மண்டபத்திலும் இதே சோதனைதான். கூறைச் சேலையின் சரிகை சிவப்புக்குள் மூழ்கியிருந்தால் நிறம் மிகுதி. அங்கே இன்னொரு தொல்லை, வீடியோக்காரர் தூக்கிவரும் விளக்கு. அது திரைப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிடும். நிகழ்ச்சிக்கு முன்பே அவரோடு பேசி, திரைக்கு முதுகுகாட்டி நிற்க ஓரிடம் ஒதுக்குங்கள்.

எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வரும் படத்தில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் பிரைட்னஸை இறக்குமுன் வீச்சைப் பாருங்கள். தொலைக்காட்சி இணைப்புப் பெட்டியும் (செட்-டொப் பொக்ஸ்) இறுவட்டுக் கருவியும் கறுப்பை 16, வெள்ளையை 235 என்று அனுப்பும். கணினி பெரும்பாலும் 0 முதல் 255 வரை அனுப்பும். புரொஜெக்டர் ஒன்றை எதிர்பார்க்க மற்றது வந்தால், ஒருபுறம் படம் வெளிறும், மறுபுறம் நிழல்கள் குழியாகும். மெனுவில் எச்டிஎம்ஐ வீச்சு என்ற தெரிவை மாற்றினால் அந்தக் கணமே சரியாகிவிடும். பழைய விஜிஏ கேபிளில் படம் முழுவதும் மஞ்சளாகவோ ஊதாச்சிவப்பாகவோ வந்தால் மெனுவுக்கே போக வேண்டாம், முனையிலுள்ள ஊசி ஒன்று வளைந்திருக்கும். நீலத்தின் ஊசி தொடாவிட்டால் மஞ்சள், பச்சையினது தொடாவிட்டால் ஊதாச்சிவப்பு.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பழைய குடும்ப ஒளிநாடாக்களையும் இறுவட்டுக்களையும் ஐம்பதாம் ஆண்டுக் கல்யாண நாளுக்கோ அந்தியேட்டிக்கோ திரையில் போடச் சொல்லிப் பலர் கொண்டுவருகிறார்கள். இலங்கையின் ஒளிபரப்பு முறை 'பால்' (PAL), 625 கோடுகள், செக்கனுக்கு 25 சட்டகங்கள். லண்டனிலும் ஜெர்மனியிலும் எடுத்தவையும் அதே 'பால்' முறைதான். கனடாவில் எடுத்தவை என்டிஎஸ்சி, 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 30 சட்டகங்கள். மஞ்சள் முனையுள்ள கேபிளில் கொடுக்கும்போது படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டுகொண்டே இருந்தாலோ ஒளிநாடா பழுதென்று எறிந்துவிடாதீர்கள். வீடியோ சமிக்ஞைத் தெரிவை 'ஓட்டோ'விலிருந்து எடுத்து, நாட்டுக்கேற்றபடி கையால் தெரிவுசெய்யுங்கள். முகம் பச்சையாகவோ சிவப்பாகவோ சாய்ந்திருந்தால் 'டின்ட்' என்ற அளவு உதவும். பெரும்பாலான புரொஜெக்டர்களில் அது என்டிஎஸ்சி படத்துக்கு மட்டுமே வேலை செய்யும். கை அசையும்போது ஓரங்களில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் கிளம்பினால் 'புரோகிரெசிவ்' தெரிவை 'வீடியோ'வுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸைக் கூட்டினால் பழைய படம் தெளியும் என்று நினைப்பது வீண். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்றுதான் முளைக்கும், நாடாவின் இரைச்சலும் எழுந்து நிற்கும்.

குமிழ் உண்மையிலேயே தேய்வதும் உண்டு. எரிந்த மணித்தியாலங்கள் மெனுவின் தகவல் பக்கத்தில் இருக்கும். தயாரிப்பாளர் குறித்த ஆயுளை அது நெருங்கியிருந்து, மேலே சொன்ன எதற்கும் படம் மசியாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அதற்குமுன் காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசியைத் தட்டிப் பாருங்கள். எங்கள் செம்மண் தூசி அடைத்தால் புரொஜெக்டர் சூடேறித் தானே அணையும், அதையும் குமிழ்ப் பழுதென்றுதான் சொல்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் விசிறி நிற்குமுன் சுவர் ஆளியை அணைக்காதீர்கள். மின்வெட்டு நம் கையில் இல்லை, ஆளி நம் கையில்தான் இருக்கிறது.

பல புரொஜெக்டர்கள் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் அளவுகளைத் தனித்தனியாக நினைவில் வைக்கும். எச்டிஎம்ஐயில் சரிசெய்தது விஜிஏக்குப் பொருந்தாது, இரண்டையும் செய்து 'யூசர்' நினைவகத்தில் சேமியுங்கள். எண்களை ஒரு தாளில் எழுதிப் புரொஜெக்டர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்தால், யாராவது 'ரீசெட்' அழுத்திவிட்டாலும் அடுத்த பாடவேளைக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.