ஊமை தின்ற கசப்பு வேர்

'யாபா ச்சர் ஹுவாங்லியன்' என்று சீனர்கள் சொல்வதுண்டு. ஊமை ஹுவாங்லியனைத் தின்றான் என்று பொருள். நம் 'ஊமை கண்ட கனா'வுக்கு இது உறவுதான். ஆனால் இங்கே அடக்கி வைத்திருப்பது கனவை அல்ல, துன்பத்தை.

ஹுவாங்லியன் ஒரு மூலிகையின் வேர்த்தண்டு. சோங்சிங், ஹூபே மலைப்பகுதிகளில் நிழல் கட்டி வளர்க்கிறார்கள். நட்டுத் தோண்டியெடுக்க ஐந்து ஆண்டுகள்கூட ஆகும். முடிச்சு முடிச்சாக, கோழிக்கால் மாதிரி கிளைத்திருக்கும். ஒடித்தால் உள்ளே பளீரென்று மஞ்சள். 'ஹுவாங்' மஞ்சள், 'லியன்' தொடர்ச்சி. மணி கோத்தாற்போல் இருப்பதால் இந்தப் பெயர் என்று 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் லி ஷிசென் எழுதியிருக்கிறார். சீன மருத்துவத்தில் வயிற்றுப்போக்குக்கு இன்றும் கொடுக்கிறார்கள்.

அந்த மஞ்சளுக்கும் கசப்புக்கும் முக்கியக் காரணம் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டு, அதாவது தாவரத்தில் உண்டாகும் ஒரு வேதிப்பொருள். நம் மரமஞ்சளிலும் அதுதான் இருக்கிறது. தின்ன வரும் உயிர்களை விரட்டத் தாவரங்கள் பல இப்படிக் கசப்பைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. இனிப்பை உணர நம் நாக்கில் முக்கியமாக ஒரே வகை ஏற்பிதான் (சுவையைக் கண்டுகொள்ளும் புரதம்); கசப்புக்கோ சுமார் 25 வகை. விஷங்களில் பல கசப்பானவை என்பதால் இத்தனை காவல். கசப்பு பட்டதும் பச்சைக் குழந்தைகூட முகம் சுளிக்கும். ஊமைக்கும் முகம் சுளிக்கும். என்னவென்று சொல்லத்தான் முடியாது.

வழக்கின் மறுபாதி இதுதான்: 'யோ கூ ஷுவோ பு சூ'. கூ இருக்கிறது, சொல்ல வரவில்லை. சீனத்தில் 'கூ' என்றால் கசப்பு, துன்பமும் அதுவே. விடுகதையும் விடையும் போல இரண்டு பாதியாக நிற்கும் இவ்வகை வழக்குக்கு 'சியேஹொவ்யூ' என்று பெயர். பேசுபவர் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார், மிச்சம் கேட்பவருக்கே தெரியும்.

சீனத்தின் நான்கெழுத்து மரபுத்தொடர்கள் பலவற்றுக்குப் பின்னால் அரசர் கதை இருக்கும். தோல்வியை மறக்காதிருக்கப் பித்தப்பையை நக்கிப் பார்த்து, கி.மு. 473இல் வூ நாட்டை அழித்த யுவே மன்னன் கோவ்ஜியன் கதை அப்படி ஒன்று. அவன் தானாகத் தேடிக்கொண்ட கசப்பு அது. ஊமையின் கசப்புக்கு அரசனும் இல்லை, போரும் இல்லை. மருந்துக் கசப்பை நன்றாக அறிந்த சாதாரண ஜனங்களின் பேச்சு அது.

எல்லாத் துன்பத்துக்கும் இதைச் சொல்லிவிட முடியாது. நோயை, சாவை வாய்விட்டு அழலாமே! திருட்டுத்தனமாக வாங்கிய சரக்கு போலி என்று தெரிந்தவர் போலீசுக்குப் போக முடியுமா? லஞ்சம் கொடுத்தும் காரியம் நடக்காதவர் யாரிடம் முறையிடுவார்? வாயைத் திறந்தால் தன் மானமும் சேர்ந்தே போகும் என்ற நிலையில் இருப்பவர்களைத்தான் சீனர்கள் ஹுவாங்லியன் தின்ற ஊமை என்கிறார்கள்.