'ஆறுதல் வலயம்': எந்த வலயம் தம்பி?

கிளிநொச்சியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கென்று ஒரு வாழ்வாதாரப் பயிற்சிப் பட்டறை. பதாகையில், 'ஆறுதல் வலயத்தை விட்டு வெளியே வாருங்கள்.' முன் கதிரையில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "எந்த வலயம் தம்பி? எல்லா வலயத்தையும் விட்டுப்போட்டுத்தானே வந்தனாங்கள்?" பயிற்றுவிப்பாளருக்குக் கேள்வியே விளங்கவில்லை. இந்தச் சொல்லை இந்த வருடம் நான் கேட்பது நான்காவது தடவை.

பழகிய சுகத்துக்குள்ளேயே இருந்துவிடும் நிலையை ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட் சோன்' என்பார்கள்; அதன் மொழிபெயர்ப்புத்தான் 'ஆறுதல் வலயம்'. அதில் 'கம்ஃபர்ட்', பலம் என்று பொருள்படும் லத்தீன் அடியிலிருந்து வந்தது. முதலில் பலப்படுத்துவது, பிறகு தேற்றுவது, கடைசியாகச் சுகமாக இருப்பது. 'சோன்' கிரேக்கத்தில் இடைக்கச்சை. சரி, மொழிபெயர்த்தவர் அகராதியில் அந்த நடுப்பொருளைப் பிடித்துக்கொண்டார். அங்கேதான் பிழை.

ஆறுதல் என்பது சூடு தணிவது. சோறு ஆறும், புண் ஆறும். செத்தவீட்டில் ஆறுதல் சொல்கிறோம். "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரமில்லை என்று அர்த்தம். பட்ட பாட்டுக்குப் பிறகு வருவதே ஆறுதல். பழக்கத்தால் வரும் சுகம் வேறு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயிடம் ஆறுதலை விட்டு வெளியே வா என்பது என்ன பேச்சு?

அடுத்தது 'வலயம்'. வளையம் என்ற பொருளில் பார்த்தால் 'சோன்' என்பதற்கு அது பொருத்தமான சொல்தான், மறுக்கவில்லை. வலயக் கல்வி அலுவலகம் என்றும் சொல்கிறோம். ஆனால் இறுதிப் போரில், 2009 ஜனவரியில் சுதந்திரபுரம் பக்கமும் பெப்ரவரியில் புதுமாத்தளன் பக்கமும் 'பாதுகாப்பு வலயம்' என்று அரசாங்கம் அறிவித்தது; நம்பிப் போன சனத்தின் மேல் எறிகணை விழுந்தது. காணிகளை விழுங்கியதும் இராணுவத்தின் 'உயர் பாதுகாப்பு வலயம்'. வன்னியில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அந்த நாட்கள்தான் முன்னுக்கு வரும். மொழிபெயர்ப்பாளர் கொழும்பில் இருந்து எழுதினாலும், யார் வாசிக்கப் போகிறார்கள் என்று ஒருதரம் யோசிக்கக் கூடாதா?

'சொகுசு வட்டம்' என்பாரும் உண்டு. அதுவும் சரியில்லை. வருடக்கணக்காக நட்டப்பட்டும் அதே நெல்லை அதே விதமாக விதைப்பவருக்கு என்ன சொகுசு? அவரை நிறுத்தி வைத்திருப்பது பழக்கம். 'கிணற்றுத் தவளை' வசைச்சொல்.

நான் சொல்வது 'பழகிய வரம்பு'. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரம்பு இல்லாவிட்டால் வயலில் தண்ணீர் நிற்காது, அதனால் அது கெட்டதல்ல. ஆனால் வரம்பைத் தாண்டாமல் அடுத்த வயலுக்குப் போகவும் முடியாது. வரம்பு மீறுதல் என்றால் ஒழுக்கக்கேடு இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் 'மீறுதல்' வேண்டாம், 'தாண்டுதல்' என்கிறேன்.

இப்படியான பட்டறைகளில் கூடவே வரும், 'குரோத் மைண்ட்செட்' என்பதன் மொழிபெயர்ப்பான 'வளர்ச்சி மனநிலை'யையும் விட வேண்டும். திறமை பிறப்போடு முடிந்துவிடுவதில்லை, முயற்சியாலும் நல்ல வழிமுறையாலும் வளரும் என்ற நம்பிக்கையைத்தான் அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் சொன்னார். மனநிலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நம்பிக்கையாக ஊன்றி நிற்பது மனப்பாங்கு. 'வளர் மனப்பாங்கு' என்றால் வினைத்தொகை. வளர்ந்த, வளர்கிற, வளரும் மூன்றும் அதற்குள் அடங்கும்.

அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்தான் விளங்கப்படுத்தினார்: "பழகின வேலையை மட்டும் பிடிச்சுக்கொண்டிராமல் புதுசா ஒண்டு செய்து பாக்கச் சொல்லுகினம் அக்கா." உடனே அந்த அம்மா பயிற்றுவிப்பாளரிடம் திரும்பி, காளான் வளர்க்க வித்து எங்கே எடுக்கலாம் என்று கேட்டார்.