கொய்யாவுக்கு மெழுகுப் பூச்சு: தயவுசெய்து இரண்டாம் முறை முக்காதீர்கள்

வாளையார் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போகும் கொய்யாப் பெட்டிகளில் மூன்றாம் நாளே கள்ளு வாடை அடிக்கிறது என்ற புகார் இந்தப் பருவத்திலும் ஓயவில்லை. விசாரித்தால் பதில் ஒன்றுதான்: "நாலு நாள் சேத்தித் தாங்கட்டும்னு ரெண்டு தடவை முக்கி எடுத்தோமுங்க." அந்த இரண்டாவது முக்குதான் பழத்தைக் கெடுத்தது.

பறித்த பிறகும் கொய்யா மூச்சு விடுகிறது. அந்த மூச்சை மெதுவாக்குவதும், தோல் வழியே ஈரம் போவதைக் குறைப்பதும்தான் பூச்சின் வேலை. மூச்சை அடைப்பதல்ல. படலம் தடித்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து சதை நொதிக்கிறது. கள்ளு வாடை தரும் ஆல்கஹாலும் அசிட்டால்டிஹைடும் சேர்கின்றன. வெளியே பச்சை மாறாமல் பளபளவென்றே இருக்கும், வெட்டினால்தான் தெரியும். பளபளப்பைப் பார்த்துப் பூச்சை மெச்சும் பழக்கத்தை விடுங்கள். பெட்டியில் கூடுதலாக ஓட்டை போட்டும் பயனில்லை. அடைபட்டது பெட்டியல்ல, தோல். சூடு ஏற ஏறப் பழத்துக்குக் காற்று அதிகம் வேண்டும். அதனால் ஜனவரியில் சரியாக இருந்த அதே கரைசல் ஏப்ரலில் பழத்தைப் புளிக்க வைக்கலாம். நேந்திரன் வாழையிலும் இதேதான்: கெட்டியாகப் பூசிய காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு அறையில் வைத்தால் வாயு சீராக இறங்காது, ஒரே சீப்பில் பாதி மஞ்சள், பாதி பச்சை.

பூச்சு மருந்தும் அல்ல. பழ ஈ முட்டையிட்ட காய், தோட்டத்திலேயே ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் ஏறிய காய், காம்பு பிய்ந்த காய், இவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசுவதும் மினரல் ஆயிலில் துடைப்பதும் உடனே நிற்க வேண்டும். தேன்மெழுகு, கார்னௌபா என்ற பனை ஓலை மெழுகு, அரக்கு மெழுகு ஆகியவற்றை உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது, அதுவும் மெழுகு பூசியது என்று லேபிளில் சொன்னால்தான். இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான் பூச்சு வாங்குவதாக இருந்தால், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவம் சாப்பிடுபவருக்கும் இறால் ஒவ்வாதவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

காலை வெயில் ஏறுமுன் சிறு காம்போடு பறித்து நிழலில் சேருங்கள். கழுவும் தண்ணீரில் 5 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் கரைசல்) லிட்டருக்கு 2 மில்லி கலந்தால் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு, குளோரின் கிடைக்கும். அதில் 2 முதல் 3 நிமிடம் போதும். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள், மண் சேர்ந்தால் குளோரின் செத்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய வையுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் திட்டுத் திட்டாக வெள்ளை படியும்.

மெழுகுக் கரைசலில் முதலில் தண்ணீர் சேர்க்கும் அளவு, டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான். நம் பக்கத்து உப்பு போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பால் கரைசல் திரிந்துபோகும். ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள். ஒரே முக்கு, வடித்து, மின்விசிறிக் காற்றில் கையில் ஒட்டாமல் ஆகும் வரை காய வைத்து, பிறகு பெட்டி கட்டுங்கள்.

முழு லோடுக்கும் பூசுமுன் பத்துப் பழம் பூசியும் பத்துப் பழம் பூசாமலும் வையுங்கள். குளிர்ந்த அறையில் வேண்டாம், லாரியில் இருக்கும் அதே சூட்டில் வையுங்கள். தினமும் எடை போடுங்கள். கிலோவுக்கு 50 கிராமுக்கு மேல் குறைந்தால் சுருக்கம் கண்ணில் படத் தொடங்கும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் இரு வகையிலும் இரண்டிரண்டு பழம் வெட்டி முகர்ந்து, தின்றும் பாருங்கள். பூசிய பழத்தில் லேசாக வாடை வந்தாலும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைசலை இளக்கி, மறுபடி பத்துப் பழத்தில் பார்த்துவிட்டே லோடுக்குப் போங்கள்.