ஊர்வலத்துக்காகப் பள்ளியை மூடுவதற்கு முன்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓர் அரசுப் பள்ளியில் சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துவது என் வேலை இல்லை. மூன்று நாளாக வகுப்புக்கு வராத பையனின் வீட்டுக் கதவைத் தட்டுவது, குளிருக்கு ஜாக்கெட் இல்லாத பிள்ளைக்கு ஒன்று தேடிக் கொடுப்பது, வெள்ளிக்கிழமை மதியம் சில பிள்ளைகளின் புத்தகப் பையில் சனி ஞாயிறுக்கான சாப்பாட்டுப் பொட்டலத்தை மற்றவர் கண்ணில் படாமல் வைத்து அனுப்புவது, இதெல்லாம்தான் என் வேலை. அந்தப் பொட்டலம் வாங்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் என் மேசை டிராயரில் இருக்கும். நான் சொல்லப்போகும் வருடத்தில் அதில் 23 பெயர்கள். எல்லாமே எனக்கு மனப்பாடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து எல்லாருடைய போனுக்கும் செய்தி வந்தது. பணியாளர் பற்றாக்குறையால் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை. மறுநாள் குடியேறிகளின் உரிமைக்காக நகரத்தில் பெரிய ஊர்வலம். அதற்காக ஆசிரியர்கள் நிறையப் பேர் விடுப்பு கேட்டிருந்தது எங்களுக்கு இரண்டு நாளாகவே தெரியும். ஆனால் மூடுவார்கள் என்று ஏழு மணி வரை யாரும் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு வீடாகப் போன் போட ஆரம்பித்தேன்.

நான்காவது அழைப்பு ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு. நெடுஞ்சாலையோர ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிறவர். ஒரு நாளுக்கு இத்தனை அறை என்று கணக்கு, போனால்தான் கூலி. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், "மிஸ், நாளைக்கு நான் போகலேன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க" என்றார். அவருக்கு எட்டு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண். பெண்ணைக் காலையில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவும் எங்கள் பள்ளி கேன்டீனில் வேலை செய்கிறவர்தான். அவர் மறுநாள் ஊர்வலத்துக்குப் போகிறார். கடைசியில் அந்த ஹோண்டுராஸ் அம்மா எடுத்த முடிவு இது: பையனிடம் தங்கையை விட்டு, கதவை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லி, யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவது. நான் வேண்டாம் என்று சொன்னேன். பத்து மணிக்கு என் சக ஊழியர் ஒருவர் அந்த இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். அப்படி ஆள் கிடைக்காத வீடுகளும் என் பட்டியலில் இருந்தன.

அந்த ஊர்வலம் அந்த அம்மாவுக்காகத்தான். அவரால் அதற்குப் போகவும் முடியவில்லை, பிள்ளைகளை விட இடமும் இல்லை. அன்றிலிருந்து, ஊர்வலத்துக்காகப் பள்ளியை மூடலாமா என்ற கேள்வி எப்போது வந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் குரல்தான்.

ஆசிரியர்கள் ஏன் போகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் போவது பொழுதுபோக்குக்கு இல்லை. குடியேற்றத்துறை அதிகாரிகள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி காலையில் பரவினாலே போதும், ஒன்பது மணிக்கு வகுப்பில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். வந்த பிள்ளைகளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2019 ஆகஸ்ட் 7 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் கோழி இறைச்சித் தொழிற்சாலைகளில் சோதனை நடத்தி ஒரே நாளில் 680 தொழிலாளர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே பல பிள்ளைகளுக்கு அன்றுதான் பள்ளி திறந்த முதல் நாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா அம்மா இல்லை. அக்கம்பக்கத்தாரும் ஊர்க்காரர்களும் அந்த இரவு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பள்ளி, தேவாலயம், மருத்துவமனை போன்ற இடங்களில் முடிந்தவரை கைது நடவடிக்கை வேண்டாம் என்று 2011 முதல் இருந்துவந்த வழிகாட்டுதலையும் 2025 ஜனவரியில் மத்திய அரசு எடுத்துவிட்டது. இதையெல்லாம் வகுப்பறையில் நின்று பார்க்கிற ஆசிரியர் தெருவில் இறங்கத்தான் செய்வார். அதை நான் மதிக்கிறேன். நானும் போயிருக்கிறேன்.

ஆனால் ஆசிரியர் போவது வேறு, பள்ளியை மூடுவது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பேச்சு எப்போதும் சண்டையில் முடிகிறது.

மூடும் முடிவு உள்ளே எப்படி எடுக்கப்படுகிறது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. 2017 மார்ச் 8, உலகப் பெண்கள் தினத்தன்று, 'பெண்கள் இல்லாத ஒரு நாள்' என்று நாடு முழுவதும் வேலைப் புறக்கணிப்புக்கு அழைப்பு விட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 16 அன்று நடந்த 'குடியேறிகள் இல்லாத ஒரு நாள்' போராட்டத்தின் தொடர்ச்சி போலத்தான் பலர் அதைப் பார்த்தார்கள். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரப் பள்ளிகளில் 300 பேர் விடுப்பு கேட்டார்கள். வட கரோலைனாவின் சேப்பல் ஹில் பகுதியில் ஏறக்குறைய 400 பேர் வரமாட்டார்கள் என்று கணக்கிட்டார்கள். மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் 1,700 ஆசிரியர்களும், பஸ் ஓட்டுநர் முதலான போக்குவரத்துப் பணியாளர்களில் 30 சதவீதம் பேரும் விடுப்பு கேட்டார்கள். மூன்று இடத்திலும் பள்ளியை மூடினார்கள். இது அரசியல் நிலைப்பாடு இல்லை, பாதுகாப்பாக நடத்தப் போதுமான ஆள் இல்லை என்பதுதான் நிர்வாகங்கள் சொன்ன காரணம்.

அந்தக் காரணம் பொய் இல்லை. ஆசிரியர் பத்துப் பேர் வராவிட்டால் மாற்று ஆசிரியர்களைக் கூப்பிடலாம், இரண்டு வகுப்பை ஒன்றாக்கி நூலகத்தில் உட்கார வைக்கலாம். பஸ் ஓட்டுநரில் மூன்றில் ஒருவர் வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு வயதுப் பிள்ளை இருட்டு விலகாத காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே இருக்கும். வலிப்பு வரும் பிள்ளைக்கு மருந்து கொடுக்க நர்ஸ் இல்லையென்றால் அந்தப் பிள்ளையைக் கட்டடத்துக்குள் சேர்ப்பதே ஆபத்து. அப்படி ஒரு நிலை வந்தால் மூடத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

என் வருத்தம், ஆள் இருந்தும் மனதளவில் முடிவெடுத்துவிட்டு, அதற்குப் பற்றாக்குறை என்று பெயர் வைப்பதில்தான். இந்தப் போராட்டம் நியாயமானது, ஆகவே கதவைச் சாத்துகிறோம் என்று ஓர் அரசுப் பள்ளி நிர்வாகம் முடிவெடுக்கக் கூடாது. அடுத்த முறை வேறொரு கூட்டம் வந்து கேட்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் வாஷிங்டனில் கருக்கலைப்பை எதிர்த்துப் பெரிய ஊர்வலம் நடக்கிறது. அதை நியாயம் என்று நம்பும் ஆசிரியர்களும் எங்கள் பள்ளியில் இருக்கிறார்கள், நல்ல ஆசிரியர்கள். அவர்களுக்கு அப்போது என்ன பதில் சொல்வது? அரசுப் பள்ளி எல்லா வீட்டுக்கும் சொந்தம்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. 1975இல் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளின் படிப்புக்கு மாநில அரசின் பணம் கிடையாது, வேண்டாம் என்றால் பள்ளிகள் அவர்களைச் சேர்க்காமலும் விடலாம். டைலர் என்ற ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு வருடம் 1,000 டாலர் கட்டணம் கேட்டார்கள். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கூலி வேலை செய்த குடும்பங்களுக்கு அது கனவிலும் முடியாத பணம். சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. அவர்கள் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக நீதிபதி விசாரணையைக் காலை ஆறு மணிக்கு வைத்தார். நீதிமன்ற வாசலிலேயே பிடித்து நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயத்தில், வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பிளைலர் எதிர் டோ என்ற அந்தத் தீர்ப்பினால்தான் இன்றைக்கும் எந்த அரசுப் பள்ளியும் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

அந்தப் பெற்றோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று, பள்ளிக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று. அவர்கள் பெயரால் அதே கதவை ஒரு நாள் சாத்துவது எனக்கு உறுத்துகிறது.

ஒரு நாள்தானே என்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 180 நாள் வகுப்பு நடக்க வேண்டும், விட்ட நாளை ஜூனில் ஈடுகட்டிக்கொள்ளலாம். சரி, படிப்பை ஈடுகட்டலாம். அன்றைய மதியச் சாப்பாட்டை ஜூனில் போட முடியாது. நாடு முழுவதும் ஏறத்தாழ 3 கோடிப் பிள்ளைகள் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் சாப்பிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் காலைச் சாப்பாடும் உண்டு. திங்கட்கிழமை காலையில் வரிசையில் முதலில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே, வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஒரு நாள் நடைமுறை மாறினாலே திரும்ப நிலைக்கு வர நாளாகும். அப்புறம் கேன்டீன் அம்மாக்கள், வகுப்பு உதவியாளர்கள். இவர்களில் பலர் மணிக்கணக்குக் கூலிக்காரர்கள். பல மாவட்டங்களில் பள்ளி மூடினால் அவர்களுக்கு அன்றைய சம்பளம் இல்லை. எங்கள் கேன்டீனில் பாதிப் பேர் குடியேறிகள்தான்.

2006 மே 1 லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஆவணமில்லாமல் இருப்பதையே குற்றவியல் குற்றமாக்கும் மசோதாவை முந்தின டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியிருந்தது. நாடே கொதித்தது. அன்று அந்த நகரத்தில் இரண்டு ஊர்வலங்கள் நடந்தன. ஒன்று மதியம், மற்றொன்று சாயங்காலம் நான்கு மணி வாக்கில், பள்ளியும் வேலையும் முடிந்து வரட்டும் என்று. பிள்ளைகள் முதலில் வகுப்புக்குப் போகட்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் ரோஜர் மஹோனி கேட்டுக்கொண்டார். அப்படியும் மாவட்டத்தின் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் 72,000 மாணவர்கள் அன்று வரவில்லை. ஆனால் பள்ளிகள் திறந்திருந்தன. வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது, சாப்பாடு கிடைத்தது. நான்கு மணி ஊர்வலத்திலும் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். கூட்டம் குறைந்துவிடவில்லை.

ஆகவே நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். விடுப்பு கேட்கும் ஊழியருக்கு அவர் கணக்கில் உள்ள சொந்த விடுப்பைக் கொடுங்கள். ஏன் என்று துருவ வேண்டாம். நியூயார்க் போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் போகும் என்பதால், ஆசிரியர்களும் தங்கள் சங்கத்திடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. யார் யார் வரமாட்டார்கள் என்று ஒரு வாரம் முன்பே கணக்கெடுங்கள். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு நாள் முன்பு சொல்லுங்கள், ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, வீட்டில் பேசும் மொழியிலும். சாப்பாடு வாங்கிப்போக ஒரு கட்டடமாவது திறந்திருக்கட்டும். மணிக்கூலி ஊழியர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் ஓர் அப்பா என்னிடம், "நமக்கு எச்1பி இருக்கு, இதெல்லாம் நமக்கு எதுக்குக்கா?" என்றார். எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம், அவர் குடும்பத்துக்கான எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயது ஆனால் அந்த விசா முடிந்துவிடும் என்று சொன்னேன். அவருக்கு இரண்டும் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த அவசரத் தொடர்பு அட்டையில் எங்க பேர் மட்டும்தான் இருக்கு, வேற யார் பேரைப் போடலாம்?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. எந்த விசாவில் இருந்தாலும், வருடத் தொடக்கத்தில் பள்ளி கொடுக்கும் அந்த அட்டையில் பெற்றோர் தவிர குறைந்தது இரண்டு பேர் பெயர் இருக்கட்டும். காரில் வந்து அரைமணி நேரத்தில் பிள்ளையை அழைத்துப்போகக் கூடியவர்கள், போன் எடுக்கிறவர்கள். எண் மாறினால் அன்றே மாற்றுங்கள். பள்ளி உங்கள் குடியேற்ற நிலையைக் கேட்காது, நீங்களாகவும் எந்தப் படிவத்திலும் எழுத வேண்டாம். நீதிபதி கையெழுத்திட்ட ஆணை கேட்காமல் அதிகாரிகளைப் பள்ளிக்குள் விடுவார்களா என்று முதல்வரிடம் நேரில் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த முறை எங்கள் ஊரில் ஊர்வலம் என்று பேச்சு வந்தபோது, நானும் இரண்டு ஆசிரியர்களும் ஏற்பாட்டாளர்களைப் பார்த்துப் பேசினோம். காலை பத்து மணியை மாலை நான்கரையாக மாற்றினார்கள். பள்ளி முழு நாள் நடந்தது. கடைசிப் பஸ் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியதும் ஓட்டுநர்கள் நிறுத்துமிடத்திலிருந்து அப்படியே நடந்து வந்தார்கள். கேன்டீன் அம்மா ஏப்ரனைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஹோட்டலில் வேலை முடித்து அந்த ஹோண்டுராஸ் அம்மாவும் வந்தார், ஒரு கையில் பெண், பக்கத்தில் பையன். பையன் தன் பள்ளிச் சட்டையிலேயே இருந்தான்.