ஜவ்வரிசி போன வண்டியில் வெங்காயம் வரும்

சேலத்திலிருந்து நாசிக்குக்கு லாரி வாடகை ஒன்று, அங்கிருந்து சேலத்துக்கு வேறொன்று. ரோடு அதே, டோல்கேட் அதே, வண்டியும் அதே. முதல் தடவை சரக்கு அனுப்புகிறவருக்குப் புரோக்கர் மேல்தான் சந்தேகம் வரும். பாவம், அவர் காரணமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரம் 1,200 கிலோமீட்டர் என்று வையுங்கள். லோடோடு லிட்டருக்கு 4, காலியாக 5 கிலோமீட்டர் ஓடும் வண்டி. லோடோடு வந்தால் 300 லிட்டர், காலியாக வந்தால் 240. லிட்டர் 90 ரூபாய் என்றால் வித்தியாசம் வெறும் 5,400 ரூபாய். டோல் வண்டியின் அச்சைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், உள்ளே சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. டிரைவர் பேட்டா, இன்சூரன்ஸ், மாதாந்திர டியூ எதுவும் காலி வண்டிக்குக் குறையாது. அப்படியானால், எப்படியும் ஊர் திரும்பியாக வேண்டிய வண்டிக்கு அந்த 5,400, கமிஷன், ஏற்றுகூலி இவற்றுக்கு மேலே கிடைப்பதெல்லாம் லாபம்தான். ரிட்டர்ன் லோடு சில சமயம் நம்ப முடியாத மலிவில் கிடைப்பது இதனால்தான்.

ஆனால் எந்தப் பக்கம் ரிட்டர்ன் என்பது நிலையானதில்லை. மகாராஷ்டிராவில் விரத நாளென்றால் ஜவ்வரிசிக் கிச்சடிதான், அதனால் நவராத்திரி, சிவராத்திரிக்கு முன்னால் சேலத்து ஜவ்வரிசிக்கு அங்கே கிராக்கி கூடும், இங்கே வண்டி கிடைக்காது. கோடையில் நாசிக் பக்கம் வெங்காயம் அறுவடையாகிக் குவியும்போது கதை தலைகீழ். வெங்காய லோடு நன்றாகக் கிடைக்குமென்றால், லாரிக்காரர் ஜவ்வரிசியைக் குறைந்த வாடகைக்கே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பஞ்சும் பருத்திக்கொட்டையும் ஒரே செடியில் வருகிற மாதிரி, போகிற நடையும் வருகிற நடையும் சேர்ந்தேதான் விளைகின்றன. ஒன்றின் விலை ஏறினால் மற்றது இறங்கப் பார்க்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஜவ்வரிசி மூட்டை குடோனில் நாள்கணக்கில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. மூட்டை பிடித்த வெங்காயம் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு நாள் வெந்தால் அழுக ஆரம்பித்துவிடும், வியாபாரியால் பேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அதே நேரம் லாரிக்காரருக்கும் டியூ ஓடிக்கொண்டிருக்கிறது, சாப்பாட்டுச் செலவும் உண்டு. யாருக்கு அவசரம் அதிகமோ அவர்தான் இறங்கி வருவார்.

புக்கிங் ஆபீசில் போய் நாசிக் லோடு என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்னாலேயே ஆபீஸ்காரர் போனை எடுத்து அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்பார்: "அங்க வெங்காயம் எப்படி வருது?"